பச்சைத் திரையில் ஒரு கறுப்புச் சதுரம்

ரிப்பேருக்கு வந்த ரேடியோவின் பின்மூடியைக் கழற்றியதும் சைபுதீன் பாய் முதலில் மோந்து பார்ப்பார். எந்த உறுப்பு கருகியிருக்கிறது என்பது பாதி வாசனையிலேயே தெரிந்துவிடும், மீதியை விரல் சொல்லும் என்பார். செஞ்சியில் திருவண்ணாமலை சாலையில், கிளை நூலகத்துக்கு எதிரே அவருடைய கடை. நான் நூலகத்தில் தற்காலிக உதவியாளன். மாலையில் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சாலையைக் கடந்தால் அவர் கடை பெஞ்சு. அங்கே யாரும் என்னைப் பேசச் சொல்ல மாட்டார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது.

"இன்னா தம்பி, மொத்தமே நாலு வரி எழுதிக்குது, அதுக்கு ஒரு முழுப் பக்கத்த வேஸ்ட் பண்ணிக்கிறானுங்களே" என்பார் பாய், என் கையிலிருக்கும் கவிதைப் பத்திரிகையை எட்டிப் பார்த்து.

"காலி எடம் இருந்தாத்தான் படிக்கறவங்களுக்கு மூச்சு வாங்க முடியும். நீங்க வேலையப் பாருங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்.

அது அவர் மனைவி ஜாஹிதா பேகம், எனக்கு அக்கா. கடையும் வீடும் ஒன்றுதான். முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம், நடுவாசலில் கெட்டியான பச்சைத் திரை. வெளி ஆண்கள் கடையில் இருக்கும்போது அந்தத் திரை மூடியிருக்கும். அங்கே போய்வந்த இரண்டு வருஷத்தில் அந்தக் குரலைக் கேட்டதோடு சரி, அக்காவை நான் பார்த்தது கிடையாது. பக்கத்து வீட்டில் இட்லி வியாபாரம் செய்யும் பவுனம்மாள்தான் உள்ளேயும் வெளியேயும் போய்வருவாள். உள்ளே நடப்பது அவள் வாய் வழியாகத்தான் எனக்குத் தெரியும்.

பாயின் கடையில் டிரான்ஸ்பார்மர் காயில் சுற்றுகிற வேலை முழுக்க அக்காவுடையதாக இருந்தது. முடி மாதிரி மெல்லிய செப்புக் கம்பியை, சுற்று பிசகாமல், கம்பி அறாமல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சுற்றித் தருவாள். ஊரில் பலருக்கு இது தெரியாது. 'பாய் சுத்துன காயில் ஆயுசுக்கும் போகாது' என்று வல்லத்திலிருந்தும் தொண்டூரிலிருந்தும் தேடி வருவார்கள். பாய் மறுக்கவும் மாட்டார், ஒப்புக்கொள்ளவும் மாட்டார். சிரித்துக்கொண்டே திரைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்.

நோய் வந்ததும் அந்தக் காயிலில்தான் முதலில் தெரிந்தது. அக்கா சுற்றித் தந்த டிரான்ஸ்பார்மர் ஒன்று மாட்டியதும் 'ங்ஙொய்' என்று இரைந்தது. அடுத்ததும் இரைந்தது. பாய் பிரித்துப் பார்த்தார். கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. "தூக்கமா உனக்கு?" என்று கேட்டாராம். "கட்டவிரலு சொன்னபடி கேக்க மாட்டேங்குதுங்க" என்றாளாம் அக்கா. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை அழைத்துப் போனார். கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்து போகும், மருந்து கிடையாது என்று டாக்டர் தமிழிலேயே சொல்லிவிட்டார். எண்பத்தேழு முடிவதற்குள் அக்கா கட்டிலோடு ஆகிவிட்டாள். வலது கைக் கட்டைவிரல் மட்டும் இன்னும் மடங்கி நிமிர்ந்தது.

கடையின் மூலையில், தெருப்பக்கமாகக் கறுப்பு வெள்ளை டிவி ஒன்று உயரமான ஸ்டாண்டின் மேல், பச்சைத் திரையைப் பார்த்தபடி இருக்கும். கூரையில் பாய் நாற்பதடிக் கம்பம் நட்டு, கோட்டை மலைக்கு மேலே ஆன்டெனா எட்டிப் பார்க்கிற மாதிரி கட்டியிருந்தார். வெள்ளிக்கிழமைப் பாட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கும் தெருவே அங்கே கூடும். மற்ற நேரங்களில் ஆள் இல்லாதபோது திரையை ஒதுக்கிவிடுவார். அக்கா கட்டிலில் இருந்தபடி பார்ப்பாள்.

ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய் வந்தது. சுவிட்சை அணைக்காமல் விட்டிருந்த டிவி தானாக எரிந்து, ஏதோ இந்திப் பாடம் பெரும் சத்தத்தோடு ஓட ஆரம்பித்தது. பாய் விழுப்புரம் போயிருந்தார். பவுனம்மாள் சந்தையில். அக்கா மூன்று மணி நேரம் அதைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள். பாய் வந்து நிறுத்தியதும் அழுதுவிட்டாளாம்.

"போடறதுக்கு ஆளு இல்லன்னா பரவால்லீங்க. நிறுத்தறதுக்குக்கூட என்னால முடியலயே."

மறுநாளே பாய் மெட்ராஸுக்குப் பஸ் ஏறினார். ரிச்சி தெருவில் தேடி ஒரு பொட்டலம் உறுப்புகளோடு திரும்பினார். பணக்கார வீடுகளில் வெளிநாட்டு டிவியோடு வருகிற ரிமோட் கன்ட்ரோல் எப்படி வேலை செய்கிறதோ, அதே மாதிரி ஒன்றைத் தன் பழைய பெட்டிக்கே வைத்துவிடுவது என்று முடிவு. கண்ணுக்குத் தெரியாத சிவப்பு வெளிச்சத்தை உமிழும் சின்ன பல்பு ஒன்று. டிவியின் நெற்றியில் அதை வாங்கிக்கொள்ளும் கண் ஒன்று. வெளிச்சம் பட்டதும் 'டிக்' என்று கரண்டைத் தொடுத்து, மறுபடி பட்டதும் 'டிக்' என்று விடுகிற ரிலே. பல்பை ஒரு சோப்பு டப்பாவில் பொருத்தினார். கடையில் கிடைத்த பித்தான் எல்லாமே அக்காவின் விரலுக்குக் கெட்டி. கடைசியில் செத்துப்போன ஒரு கால்குலேட்டரின் பித்தானைப் பிடுங்கி வைத்தார்.

முதல் நாள் அது அக்காவின் கைக்குப் போனபோது நான் பெஞ்சில் இருந்தேன். என்னைத் திரைக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டுப் பாய் அதை ஒதுக்கினார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'டிக்.' டிவி எரிந்தது. 'டிக்.' அணைந்தது. மறுபடி 'டிக்', 'டிக்', 'டிக்'. பவுனம்மாள் உள்ளே கத்தினாள்: "போதும் பாயம்மா, பொட்டி வெடிச்சிடப் போவுது!" அக்கா சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

ஒரு கோளாறு இருந்தது. பிற்பகலில் சாலையில் போகும் பஸ்ஸின் முன்கண்ணாடியில் வெயில் பட்டு, அந்த மின்னல் கடையின் கண்ணாடி அலமாரியில் தெறித்து, டிவியின் கண்ணில் விழும். ரிலே தானாகவே 'டிக்' என்னும். பாய் சைக்கிள் டியூபில் விரற்கடை நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, கண்ணைச் சுற்றிக் குழாய் மாதிரி மாட்டினார். பிறகு நேரே வருகிற வெளிச்சத்துக்கு மட்டும்தான் அது பதில் சொன்னது.

இன்னொரு கோளாறுதான் பெரியது. தெரு கூடுகிற நாட்களில் திரை மூடியிருக்கும். அந்தக் கெட்டித் துணியை வெளிச்சம் தாண்டாது. அக்காவால் பார்க்கவும் முடியாது, போடவும் முடியாது.

"ஆளு இல்லாதப்ப நான் ராணி. நாலு பேரு வந்துட்டா என் கையில இருக்கறது வெறும் சோப்பு டப்பா" என்றாள் ஒரு வெள்ளிக்கிழமை, திரைக்குப் பின்னாலிருந்து. எல்லோரும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் துணி தேட ஆரம்பித்தார். ஒளி போக வேண்டும், உள்ளே இருப்பவளுக்கு வெளியே தெரிய வேண்டும், வெளியே இருப்பவனுக்கு உள்ளே தெரியக் கூடாது. வீட்டில் இருந்த ஒவ்வொரு துணியாக டப்பாவின் முன்னால் பிடித்து அமுக்கிப் பார்த்தார். போர்வை, வேட்டி, அக்காவின் புடவைகள். கெட்டித் துணிக்கு ரிலே அசையவில்லை. மெல்லிய துணிக்கு அசைந்தது, ஆனால் ஆளும் தெரிந்தது. வாசலில் வந்து நின்ற பவுனம்மாளின் முந்தானையையும் விடவில்லை.

"யோவ் பாய், இன்னாய்யா பண்ற? முந்தானைய விடு, தெருவுல நாலு பேரு பாக்கறான்!"

"சும்மா நில்லு பவுனு, ஒரே ஒரு அமுக்கு."

"நல்லா அமுக்குவ! பாயம்மா, உங்க வூட்டுக்காரரக் கேளுங்க!"

"கேட்டுட்டுத்தான் இருக்கறேன் பவுனக்கா. அவுருக்குத் துணிதான் தெரியும், ஆளு தெரியாது. பயப்படாதீங்க" என்றாள் அக்கா. அன்று அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

பங்குனி மாதம், நோன்பு பிறக்கச் சில நாட்கள் இருந்தன. மத்தியானம் நூலகத்தில் ஆள் இல்லாததால் சீக்கிரமே போனேன். பாய் முகமெல்லாம் வியர்வையும் சந்தோஷமுமாகத் தரையில் உட்கார்ந்து, பச்சைத் திரையின் நடுவில் கறுப்புத் துணி ஒன்றை ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு முழம் சதுரம்.

"கெடச்சிடுச்சு தம்பி! பாரு." திரையை மாட்டினார். நான் அந்தச் சதுரத்தைப் பார்த்தேன். இருட்டுதான் தெரிந்தது. அவர் உள்ளே போய்ப் பித்தானை அமுக்கினார். 'டிக்.' "நீ போட்டுக்கிற சட்டைல எத்தினி பித்தான் இல்லன்னுகூட எனக்கு இங்கேர்ந்து தெரியுது" என்றார் உள்ளேயிருந்து. சைக்கிள் வாங்கிய பையனின் குரலாக இருந்தது.

அப்போது அக்கா விழித்துக்கொண்டாள்.

"இன்னாங்க அது?"

"நீ இங்கேர்ந்தே எல்லாம் பாக்கலாம் ஜாஹிதா. அமுக்கு, அமுக்கிப் பாரு."

"அந்தத் துணி இன்னாதுன்னு கேட்டேன்."

எனக்கு அப்போது புரியவில்லை. அது அவளுடைய புர்காவின் முகத்திரை. பவுனம்மாள் பிறகு சொன்னாள். அக்காவின் தங்கை மெஹராஜ் பேகத்தின் மகளுக்கு, நோன்புப் பெருநாள் கழித்துத் திண்டிவனத்தில் கல்யாணம் குறித்திருந்தார்கள். எப்படியாவது போய்விட வேண்டும் என்று அக்கா ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பவுனம்மாளை விட்டுப் புர்காவைத் துவைத்து, இஸ்திரிப் பெட்டி போட்டு, கட்டிலுக்கு நேரே ஆணியில் மாட்டச் சொல்லியிருந்தாள். கண் திறந்ததும் தெரிகிற இடத்தில் அது தொங்கும். பாய் வீடு முழுக்கத் துணி தேடிக் கடைசியில் அந்த ஆணிக்கு வந்திருக்கிறார். பிடித்து அமுக்கியிருக்கிறார். 'டிக்' என்றிருக்கிறது. செப்புக் கம்பி வெட்டுகிற கத்தரியால் அங்கேயே வெட்டிவிட்டார்.

"வேற வாங்கிக்கலாம் ஜாஹிதா" என்றார் பாய். குரல் இறங்கிவிட்டது.

"வாங்கிக்கலாம்தான்."

"நாளைக்கே வாங்கிடறேன்."

"பஜார்ல இந்தத் துணி மீட்டர் கணக்குல விக்குதுங்க. ஒரு எட்டு போயி வாங்கியாந்து தெச்சிருந்தா நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன்." அவள் அழவில்லை. மெதுவாக, மூச்சு விட்டு விட்டுச் சொன்னாள். "ஆணில தொங்கறதப் பாத்ததும், இது இனிமே எதுக்குன்னு உங்களுக்குத் தோணியிருக்குது. அதான்."

நான் எழுந்து போயிருக்க வேண்டும். பாய் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். கையில் ஊசி இருந்தது. எதையோ தேடுகிறவர் மாதிரி மேஜை மேல் பார்த்தார். பிறகு பிரித்து வைத்திருந்த ஒரு ரேடியோவை எடுத்து, அதை மோந்து பார்த்து, திரும்ப வைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை தெரு கூடியது. பாய் ஆட்களை இரண்டு பக்கமும் ஒதுக்கி, திரையிலிருந்து டிவி வரைக்கும் நடுவில் ஒரு வழி விடச் சொன்னார். வெளிச்சம் போக வேண்டுமே. வல்லத்திலிருந்து மல்லாட்டை மூட்டையை விற்க மார்க்கெட் கமிட்டிக்கு வந்த வீராசாமி நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்பால தள்ளு வீராசாமி. வழி வுடு."

"யாரு வர்றாங்க, கவர்னரா?"

"வெளிச்சம் வருது. தள்ளு."

எல்லோரும் வழி விட்டு உட்கார்ந்தார்கள். பாய் காத்திருந்தார். பாட்டு ஆரம்பிக்கும் நேரம் ஆனது, தாண்டியது. 'டிக்' வரவில்லை. "இன்னா பாய், உன் மிஷினு தூங்குதா?" என்றார் வீராசாமி. பாய் எழுந்துபோய்க் கையால் போட்டார். பேட்டரி போயிருக்கும் என்றார். பேட்டரி அன்று காலையில் அவர் மாற்றியது.

நோன்பு மாதம் முழுக்க டிவிக்குத் துணி போர்த்தி வைத்தார். அதனால் தெருவுக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்கா எப்போதும்போலப் பேசினாள். என்னைத் திரைக்கு இந்தப் பக்கமிருந்து கவிதை படிக்கச் சொன்னாள். நான் படித்து முடித்ததும் கொஞ்சம் பொறுத்து, "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். முடிந்துவிட்டது என்றேன். "அடப் பாவமே" என்றாள். பாயிடமும் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சோப்பு டப்பாவைத் தொடவில்லை. பெருநாள் கழிந்து டிவி திரும்ப ஓடத் தொடங்கியபோதும் தொடவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் பாய் நடுவில் வழி விடச் சொன்னார், காத்திருந்தார், எழுந்துபோய்க் கையால் போட்டார்.

விழுப்புரத்திலிருந்து புதுப் புர்கா ஒன்று வாங்கி வந்தார். ஓரத்தில் மெல்லிய நூல்வேலை செய்தது. "நல்லா இருக்குதுங்க" என்றாள் அக்கா. அதே ஆணியில் மாட்டினார்கள்.

கல்யாணம் ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே வாடகை அம்பாசிடர் வந்து கடை முன் நின்றது. பின்சீட்டில் பாய் தன் கையாலேயே தலையணைகளை அடுக்கினார். பவுனம்மாள் உள்ளே அக்காவுக்கு உடுத்திவிட்டாள். நான் நூலகப் படியில் நின்றிருந்தேன். வெகு நேரம் ஆனது. டிரைவர் இரண்டு பீடி குடித்தார். பிறகு பாய் வெளியே வந்து, அவரிடம் ஏதோ சொல்லி, தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். கார் திரும்பிப் போனது.

நான் போனபோது பவுனம்மாள் கடை வாசலில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் தூக்கி உக்கார வெச்சோம் தம்பி. கழுத்து நிக்கல. மூச்சு அடச்சிக்கினு கண்ணு மேல போயிடுச்சு. 'வேணாம், எறக்குங்க'ன்னு அதுவே சொல்லிடுச்சு." புர்காவைக் கழற்றிவிடட்டுமா என்று பாய் கேட்டாராம். "இருக்கட்டும். பொண்ணுக்கு நிக்காஹ் முடிஞ்சு எல்லாரும் சாப்பிட்டு எழுந்துக்கற வரைக்கும் இருக்கட்டும்" என்றாளாம்.

அன்று மாலை படம் பார்க்கத் தெரு வந்துவிட்டது. யாருக்கும் விஷயம் தெரியாது, அல்லது தெரிந்தும் வந்திருந்தார்கள். பாய் யாரையும் தடுக்கவில்லை. வழி விடவும் சொல்லவில்லை. ஆனால் அதற்குள் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. அவர்களாகவே நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். பாய் தன் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தார். நேரமாகிவிட்டது. அவர் எழவில்லை.

"போடு பாய், எழுத்து ஓடிடும்" என்றாள் பவுனம்மாள், அவளுக்கே உரிய சத்தம் இல்லாமல்.

அவர் எழவில்லை.

'டிக்.'

டிவி முணுமுணுத்து மெல்ல வெளுத்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். "அட, மிஷினு முழிச்சிக்கிச்சு!" என்றார் யாரோ. பாய் திரைப் பக்கம் திரும்பவில்லை. டிவியையே பார்த்தார். படம் முடியும் வரைக்கும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு காட்சியாவது அவர் மனதில் நின்றிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கடைசியில் வணக்கம் போட்டதும் இன்னொரு 'டிக்'. நிறுத்தியதும் அவள்தான்.

உள்ளே போய்வந்த பவுனம்மாள் மெல்லச் சொன்னாள்: "முகத்த மூடிக்கினேதான் பாத்துக்குது தம்பி. தொறந்து வுடட்டுமான்னா, வேணாம், கல்யாண வூட்ல இருக்கறேன்னுது."

அதன்பின் ஆறு வாரம், எல்லா வெள்ளியும் எல்லா ஞாயிறும் அந்த 'டிக்' வந்தது. ஆடியில் முதல் மழை பெய்த அன்று காலையில் அக்கா இறந்துபோனாள். பெண்கள் உள்ளே போனார்கள். நான் வெளியே நின்றேன். கடைசிவரை அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அடக்கம் செய்துவிட்டு வந்து பாய் திரையைக் கழற்றுவார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. உள்ளே மறைக்க யாரும் இல்லாவிட்டாலும் கடையில் ஆள் வந்தால் அதை இழுத்து மூடினார். தெருவும் படம் பார்க்க வந்தால் நடுவில் வழி விட்டே உட்கார்ந்தது.

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் பாய் ரிமோட் வைத்துக் கொடுக்கிற வேலையில் பேர் வாங்கினார். மேல்மலையனூர், அவலூர்பேட்டை என்று தூரத்திலிருந்தெல்லாம் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் அவர் முதலில் சொல்வது ஒன்றுதான்: "வெயில் கண்ணுல பட்டா தானாவே போட்டுக்கும், தானாவே நின்னுக்கும். டியூப்ல ஒரு துண்டு வெட்டி மாட்டித் தர்றேன், அதக் கழட்டக் கூடாது."

ஒரு பிற்பகல் நான் பெஞ்சில் இருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து காயில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் சுற்றினால் கம்பி அடிக்கடி அறும். திருவண்ணாமலை பஸ் ஒன்று கடந்து போனது. கண்ணாடி அலமாரியில் ஒரு மின்னல். 'டிக்.' மூலையில் டிவி எரிந்தது.

பாயின் கை நின்றது. தலை தானாகவே திரைப் பக்கம், அந்தக் கறுப்புச் சதுரத்தின் பக்கம் திரும்பியது. அங்கேயே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கையால் நிறுத்திவிட்டு வந்து, அறுந்த கம்பியின் முனையைத் தேடத் தொடங்கினார்.

நான் டிவியின் நெற்றியைப் பார்த்தேன். அந்த ரப்பர் துண்டு அங்கே இல்லை. கழன்று விழுந்ததா என்று ஸ்டாண்டின் கீழே பார்த்தேன். அவருடைய மேஜை மேல், ஸ்குரூ போட்டு வைக்கிற டப்பாவுக்குள், தூசி படிந்து கிடந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்தார். கம்பியின் முனையை எடுத்து மறுபடி சுற்றத் தொடங்கினார். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.